பனை இருக்கு, பனையேறி?

வாரக்கடைசியில் லேப்டாப்பை மூடிட்டு நான் பொறுக்குவது பனங்கொட்டை. நம்ம திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடிப் பக்கம், தேரி மணலில் ஊன்றி வைக்கிறேன். ஆணா பெண்ணா? பாளை விடும்வரை தெரியாது; அதற்கு 12 வருஷத்துக்கு மேல் ஆகும். அலகு விட்டால் ஆண்பனை, நுங்கு காய்த்தால் பெண்பனை. பதநீர் இரண்டிலும் இறங்கும்.

1841-ல் கால்டுவெல் இடையன்குடிக்கு வந்தபோது இங்கே பிழைப்பே பனைதான். விடியுமுன் ஏறி, பாளை சீவி, பதநீர் இறக்குவார்கள். பெண்கள் கருப்பட்டி காய்ச்சுவார்கள். 1856-ல் அவர் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தை நாம கொண்டாடுறோம். அவரைச் சுற்றி வாழ்ந்த பனையேறிகளை?

1978-ல் பனை மாநில மரம் ஆச்சு. வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021-ல் அரசு அறிவிச்சுது. நல்லதுதான். ஆனா ஏற ஆள் இல்லாத பனையில் பாளை சும்மா காயுது. கால் வழுக்கினா உயிரே போற வேலை. பிள்ளைகள் வரலைன்னா குத்தம் சொல்ல முடியாது. கருப்பட்டிக்கு நியாயமான விலையும், ஏறுபவருக்குப் பாதுகாப்பும் வேணும்.

நான் ஊன்றிய கொட்டை பாளை விடும்போது எனக்கு நாற்பது தாண்டியிருக்கும். அப்போ ஏற யார் இருப்பாங்க?