சென்னைக்கும் பினாங்குக்கும் எத்துணைத் தூரம்?

வகுப்பறை நிலவுருண்டையில் சென்னையையும் பினாங்கையும் நூல் பிடித்து அளந்தால், இடைத்தூரம் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் என்பது தெரியவரும். அன்றும் இன்றும் இவ்வளவில் மாற்றமில்லை. எனினும், மக்கள் வாழ்வை ஆராய்வோர் தூரத்தை நாளாலும் மணியாலும் அளந்து பார்த்தல் வேண்டும்.

பாய்மரக் காலத்தில் பயணத்தை வகுத்தது காற்றேயாகும். தென்மேற்குப் பருவக்காற்று கலங்களைக் கிழக்கே செலுத்தியது. வடகிழக்குக் காற்று அவற்றைத் திருப்பிக் கொணர்ந்தது. போனவன் மீள வேண்டுமாயின், காற்று மாறும்வரை காத்திருக்க வேண்டும். 1025-இல் முதலாம் இராசேந்திர சோழனின் படை சென்ற கடாரம், பினாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள இன்றைய கெடாவே என்பர். அக்காலக் கலங்களும் இக்காற்றையே நம்பியிருந்தன.

நீராவிக் கப்பல் காற்றின் ஆட்சியை ஒழித்தது. நம் முதியோர் நன்கறிந்த 'ரஜூலா' 1926-இல் கட்டப்பெற்றது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்னும் துறைமுகங்களைத் தொட்டுச் சென்ற அக்கப்பல் 1973-இல் விலக்கப்பட்டது. அதன் வேகம் மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கடல் மைல். சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடல்வழி ஏறத்தாழ 1,300 கடல் மைல். வகுத்துப் பார்த்தால் நூறு மணிக்கு மேல். அதாவது நான்கு நாளுக்குச் சற்று அதிகம்.

ஆனால், இது கப்பலின் கணக்கேயன்றித் தோட்டத்திற்கு வந்த தொழிலாளியின் கணக்கன்று. கிராமத்திலிருந்து துறைமுகத்தை அடைதல், ஆவடியிலோ நாகையிலோ இருந்த முகாமில் காத்திருத்தல், வந்து சேர்ந்தபின் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவு போன்ற இடங்களில் நோய்த்தடுப்புக்காகத் தங்குதல் ஆகிய யாவற்றையும் கூட்டினால் நாட்கள் வாரங்களாகும்.

என் பாட்டனாருக்கு அவருடைய தாயார் மறைந்த செய்தி தந்தியில் வந்தது. அடுத்த கப்பல் புறப்படுமுன் ஊரில் காரியமே முடிந்துவிட்டது. அவர் தோட்டத்து ஆற்றில் தலைமுழுகிவிட்டு, மறுநாள் விடியலில் பெரட்டுக்குப் போய் நின்றாராம். செய்தி கடந்த தூரத்தை மகனால் கடக்க இயலவில்லை.

'ரஜூலா'வுக்குப் பின்னரும் ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பற்றியதோடு, இவ்வழிப் பயணிகள் கப்பற்காலம் முடிவுற்றது. இன்று, மணிக்கு 850 கிலோமீட்டர் அளவில் பறக்கும் ஜெட் விமானம் நேராகச் சென்றால், ஏறுதல் இறங்குதல் உட்பட நான்கு மணிக்குள் இதே தூரத்தைக் கடந்துவிடும்.

ஈண்டு மாணவர் மயங்குதற்குரிய ஒன்று உண்டு. 1982 முதல் நம் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தினும் இரண்டரை மணி முந்தியது. ஆகவே, நான்கு மணிப் பயணம் கிழக்கே வருகையில் ஆறரை மணி போலவும், மேற்கே செல்கையில் ஒன்றரை மணி போலவும் தோன்றும். இரு நகர நேரங்களையும் ஒருப்படுத்திய பின்னரே கணக்கிடல் வேண்டும்.

ஆசிரிய அன்பர்களே! கிலோமீட்டரை நூல் காட்டும். மணியைக் கடிகாரம் காட்டும். ஆனால், "ஊருக்குப் போய்வர எத்தனை நாள் ஆயிற்று? எத்தனை ஆண்டுக்கொருமுறை போனீர்கள்?" என்னும் வினாக்களுக்கு விடையளிக்க வல்லோர், அவ்வழியே கப்பலில் வந்த முதியோர் மட்டுமே. அவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். இவ்விரு வினாக்களையும் மாணவர் கையில் கொடுத்து, இவ்வாரமே அவர்களிடம் அனுப்புவோமாக.