மன்றத்து போர்டிலிருந்து உலகக் கோப்பைக்கு: வடசென்னைக் கேரம் வீரர்களின் தொழில்வாழ்க்கை உருவான வரலாறு

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த ஆறாவது கேரம் உலகக் கோப்பையில் மகளிர் ஒற்றையர், இரட்டையர், அணி என மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்றவர் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா. அப்போது அவருக்கு வயது 17. ஆட்டோ ஓட்டுநரின் மகள் உலகச் சாம்பியன் ஆனார் என்றுதான் ஏடுகளும் தொலைக்காட்சிகளும் அந்தச் செய்தியைச் சொல்லின. அது உண்மையே; ஆனால் அந்த வாக்கியம் எதையும் விளக்குவதில்லை. வறுமையும் திறமையும் சேர்ந்த இடம் தமிழகத்தில் எத்தனையோ உண்டு. அவற்றிலெல்லாம் உலகச் சாம்பியன்கள் பிறக்கவில்லை. துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் இடையே அடர்ந்து கிடக்கும் இந்த ஒரு பகுதி கேரமில் மட்டும் இப்படித் தலைநிமிர்ந்ததற்குத் தனியான வரலாற்றுக் காரணங்கள் இருக்க வேண்டும். ஒரு விளையாட்டு வீரரின் வளர்ச்சி என்பது அவருக்கு முன்பே யாரோ கட்டிவைத்த படிகளில் ஏறுவதுதான்; வடசென்னையின் உழைக்கும் மக்கள் கேரமில் அந்தப் படிகளின் கீழ்ப்பாதியைத் தாங்களே கட்டினார்கள், மேற்பாதியைக் கட்ட வேண்டியவர்கள் இன்னும் கட்டி முடிக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதை உணர, அதே நகரத்தின் டென்னிஸ் வரலாற்றை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்திய டென்னிஸின் பெரும்பெயர்கள் பல சென்னையைச் சேர்ந்தவை. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதியை எட்டினார். விஜய் அமிர்தராஜ் 1973இல் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓப்பனிலும் காலிறுதி ஆடினார். கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1979இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். 1985இல் சென்னையில் தொடங்கிய பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சித் திட்டத்தில் லியாண்டர் பயஸ் தேறினார். 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கம் அரங்கில் சென்னை ஓப்பன் நடந்தது. இந்த வரிசையில் ராயபுரமோ திருவொற்றியூரோ எண்ணூரோ வரவில்லை. காரணத்தைத் திறமையில் தேடத் தேவையில்லை, நில அளவையில் தேடினாலே போதும். ஒரு டென்னிஸ் கோர்ட்டுக்கு ஓடி ஆடும் இடத்தையும் சேர்த்து 120 அடிக்கு 60 அடி வேண்டும். 7,200 சதுர அடி, அதாவது சென்னைக் கணக்கில் சரியாக மூன்று கிரவுண்டு. இரண்டு பேர் ஆடுவதற்கு மூன்று கிரவுண்டு ஒதுக்கக் கிளப்புகளுக்கும் பங்களாக்களுக்கும் முடிந்தது. வரிசை வீடுகளும் லாரி நிறுத்தங்களும் கிடங்குகளும் நெருக்கியடித்த பகுதியில் அது நினைத்தும் பார்க்க முடியாத ஆடம்பரம். கேரம் போர்டின் ஆடுபரப்போ 74 சென்டிமீட்டர் சதுரம். நான்கு முக்காலியும் தொங்கும் ஒரு பல்பும் இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும்.

இடம் குறைவு என்பது மட்டும் முழு விடையாகாது. சீட்டாட்டத்துக்கும் தாயத்துக்கும் அதைவிடக் குறைந்த இடம் போதும். கேரமுக்கு வடசென்னையில் வேர்பிடிக்க உதவியது ஆலை வாழ்க்கையின் நேர ஒழுங்கு. 1856இல் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. 1870களில் பக்கிங்காம் ஆலையும் துறைமுகக் கட்டுமானமும் தொடங்கின. இருபதாம் நூற்றாண்டில் திருவொற்றியூரில் விம்கோ, என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்ட், மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை என்று தொழிற்பட்டை வடக்கே நீண்டது. இவற்றில் பெரும்பாலானவை ஷிப்ட் முறையில் ஓடியவை. நகரின் மற்றப் பகுதி அலுவலகத்தில் இருக்கும் நண்பகலில் இங்கே ஒரு கூட்டம் வேலை முடித்து வெளியே வரும். ஒற்றை அறை வீட்டில் பகலில் கால் நீட்ட இடமிருக்காது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான காலம் தொட்டு இப்பகுதிக்குக் கூடிப் பழகும் வழக்கம் இருந்தது. பிற்காலத்தில் கட்சிப் படிப்பகங்கள், நற்பணி மன்றங்கள், ரசிகர் மன்றங்கள் என்று தெருவுக்கொரு கூரை எழுந்தது. அந்தக் கூரைகளுக்குக் கீழே நாளிதழோடு கேரம் போர்டும் வந்து சேர்ந்தது.

இந்த மன்றத்து ஆட்டத்தில் ஒரு கண்டிப்பான பள்ளிக்கூடம் ஒளிந்திருந்தது. தோற்றவர் எழுந்துகொள்ள வேண்டும், ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், சுற்றி நிற்பவர்களில் அடுத்தவர் அமர்வார். இதைவிடக் கறாரான தேர்வு முறை எந்தப் பயிற்சி மையத்திலும் இல்லை. முக்காலியைத் தக்கவைத்துக்கொள்ள ஒருவர் ஒரே மாலையில் நான்கைந்து விதமான எதிராளிகளைச் சமாளித்தாக வேண்டும். ஒருவர் கட் அடிப்பதில் வல்லவர், இன்னொருவர் எதிராளியின் காயை அடைத்தே வைத்திருப்பார், மூன்றாமவர் சிவப்புக் காயைப் போட்டு ஃபாலோ போடும்வரை வாயே திறக்கமாட்டார். நிற்பவர்கள் ஒவ்வொரு அடியையும் விமர்சிப்பார்கள். போரிக் பவுடர் தூவிய பலகையில் ஸ்டிரைக்கர் எவ்வளவு வழுக்கும், மழைக்காலத்தில் பலகை ஈரம் இழுத்தால் எவ்வளவு கூடுதலாகச் சுண்ட வேண்டும் என்பதெல்லாம் ஏட்டில் வராத பாடங்கள். அவை கைவழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போயின. 2018இல் வெளியான வெற்றிமாறனின் ‘வட சென்னை’ படத்தில் நாயகன் அன்பு கேரம் ஆட்டக்காரனாக வருவது, இந்த நிலத்தை அறிந்தவர்களுக்கு இயல்பான தேர்வாகவே தெரிந்தது.

மன்றத்தில் சிறந்தவர் நகரத்தில் சிறந்தவர் ஆவதற்கு ஒரே சட்டம் வேண்டும். தெருவில் காயின் நிறத்துக்கு ஒரு மதிப்பு வைத்து ஆடும் பாயின்ட் ஆட்டம் இருந்தது, பேட்டைக்குப் பேட்டை விதி மாறியது, ஸ்டிரைக்கரின் எடையும் ஆளுக்கு ஆள் மாறியது. 1988 அக்டோபரில் சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு சென்னையில் தொடங்கப்பட்டதை இந்த வரலாற்றின் திருப்பமாகக் கொள்ளலாம். ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு சிவப்பு. ஸ்டிரைக்கர் 15 கிராமுக்கு மிகக்கூடாது. 25 புள்ளி அல்லது எட்டு போர்டு ஒரு ஆட்டம். சிவப்புக்கு 3 புள்ளி, ஆனால் 22ஐத் தொட்டவருக்கு அது கிடையாது என்ற விதிகள் நாடுகளைக் கடந்து பொதுவாயின. மூன்றே ஆண்டுகளில், 1991இல், டெல்லியில் நடந்த முதல் உலகச் சாம்பியன் போட்டியில் சென்னையின் மரிய இருதயம் வென்றார். 1995இல் கொழும்பிலும் பட்டத்தைத் தக்கவைத்தார். 1996க்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. கேரமுக்காக அந்த விருதைப் பெற்ற ஒரே வீரர் இன்றுவரை அவர்தான் என்பது பெருமையா, குறையா என்று யோசித்தால், குறை என்றே சொல்லத் தோன்றுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கேரம் இந்தியா முழுவதும் ஆடப்படும் ஆட்டம். மும்பையிலும் இலங்கையிலும் உலகச் சாம்பியன்கள் உண்டு. அப்படியிருக்க வடசென்னைக்கு என்ன தனிச்சிறப்பு? மும்பை உதாரணம் இந்த வாதத்துக்கு எதிரானதல்ல, துணையானது. அதுவும் துறைமுகமும் துணி ஆலைகளும் ஷிப்ட் தொழிலாளரும் நெருங்கிய குடியிருப்புகளும் சேர்ந்த நகரம். உண்மையான சிக்கல் பாட்னாவைச் சேர்ந்த ராஷ்மி குமாரிதான். மூன்று முறை உலகச் சாம்பியனான அவர் எந்த ஆலைப் பகுதியிலிருந்தும் வந்தவரல்லர். ஆனால் அவர் நெடுங்காலம் ஆடியதற்குப் பின்னால் ஓஎன்ஜிசி வேலை நின்றது. அதாவது, முதல் படி எங்கு வேண்டுமானாலும் அமையலாம். நடுப்படி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான், அது நிரந்தர வேலை. எண்ணெய் நிறுவனங்கள், ஆயுள் காப்பீட்டுக் கழகம், ரிசர்வ் வங்கி ஆகியவற்றின் அணிகள் தேசியப் போட்டிகளில் முன்னிற்பதைப் பார்த்தாலே இது விளங்கும். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் கேரமுக்கு இடமுண்டு. தமிழக அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. துறைமுக வேலையையும் ரயில்வே வேலையையும் வாழ்வின் பாதுகாப்பாக எண்ணிப் பழகிய வடசென்னைக் குடும்பத்துக்கு, பிள்ளை போர்டில் உட்கார்ந்திருப்பதை வீண்பொழுது என்று சொல்லாமல் விட இந்த ஒரு வாய்ப்பே போதுமானதாக இருந்தது.

ஆலைகள் மூடத் தொடங்கியபோது இந்த ஏற்பாடு குலைந்திருக்க வேண்டும். பக்கிங்காம் ஆலை அடங்கிய பின்னி ஆலை 1996இல் கதவடைத்தது. விம்கோ இன்று மெட்ரோ நிலையத்தின் பெயரில்தான் அதிகம் கேட்கிறது. நிரந்தரத் தொழிலாளியின் மகன் ஆட்டோ ஓட்டினான், லோடு ஏற்றினான், ஒப்பந்த வேலைக்குப் போனான். ஆனால் கேரம் அழியவில்லை, இடம் மாறியது. மன்றத்து முக்காலியிலிருந்து அது குடும்பத்தின் கைக்கும் பேட்டைப் பயிற்சி மையத்தின் கைக்கும் வந்தது. என் கணிப்பில், வடசென்னையின் பெண் சாம்பியன்களுக்கு வழி திறந்தது இந்த மாற்றமே. ஆண்கள் பீடி புகைத்தபடி சூழ்ந்து நிற்கும் மன்றத்தில் ஒரு சிறுமி போய் உட்கார முடியாது. தந்தையோ அண்ணனோ நடத்தும் பயிற்சி அறையில் முடியும். வியாசர்பாடியில் மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகளான இளவழகி 2008இல் பிரான்சின் கான் நகரில் உலகச் சாம்பியன் ஆனார். காசிமாவுக்கு முதல் ஆசான் தந்தையே. ஒரு தலைமுறை மன்றத்தில் கற்றதை அடுத்த தலைமுறை வீட்டில் பெற்றது.

மகளிர் பிரிவில் போட்டி குறைவு, அதனால்தான் வெற்றி எளிதாயிற்று என்று சிலர் சொல்லக்கூடும். சர்வதேச மகளிர் கேரமில் ஆடும் நாடுகள் சில என்பது சரி. ஆனால் உலகக் கோப்பைக்குப் போகும் இந்திய அணியில் இடம்பிடிப்பதுதான் கடினமான பாதி. நாட்டின் நிறுவன அணிகளில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடும் அனுபவசாலிகளை படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் தாண்ட வேண்டும். அதைத் தாண்டியவர் வென்றதை எளிது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி மேற்பாதிப் படிகள். காசிமா வென்ற சில வாரங்களில், 2024 டிசம்பர் 12 அன்று, சென்னையின் குகேஷ் சிங்கப்பூரில் உலகச் செஸ் சாம்பியன் ஆனார். தமிழக அரசு அவருக்கு 5 கோடி ரூபாயும் காசிமாவுக்கு 1 கோடி ரூபாயும் வழங்கியது. இந்த வேறுபாடு அப்போது சர்ச்சையானது. அரசுத் தொகைகளை மட்டும் ஒப்பிட்டதால் பெரிய வேறுபாடு கண்ணில் படவில்லை. குகேஷுக்குப் போட்டியே 13 லட்சம் டாலருக்கு மேல் பரிசு தந்தது. கேரம் உலகக் கோப்பைக்கு அதற்கு ஈடாக எதுவும் கிடையாது. அரசு கொடுக்காமல் இருந்திருந்தால், உலகின் முதல் இடத்தைப் பிடித்த காசிமா தன் ஆட்டத்தால் ஈட்டியது சொல்லத்தக்கதாக இருந்திருக்காது.

கேரம் பார்ப்பதற்கான ஆட்டமல்ல, அதனால் பணம் வராது என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். டென்னிஸ் வரலாறே இதை மறுக்கிறது. ராமநாதன் கிருஷ்ணன் தன் உச்சத்தில் இருந்தபோது விம்பிள்டன் பரிசுப் பணம் தரவில்லை. அமெச்சூர்களுக்கே அங்கு இடம். தொழில்முறைக்கு மாறினால் மூன்று ஆண்டுக்கு 1,50,000 டாலர் என்று தொழில்முறைச் சுற்றை நடத்திய ஜாக் கிரேமர் அழைத்தபோது அவர் மறுத்துவிட்டார், மறுத்ததால்தான் அவரால் விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் தொடர முடிந்தது. 1968இல் அந்தத் தடுப்பு நீங்கியது. 1973இல் கணினித் தரவரிசை வந்தது. விஜய் அமிர்தராஜ் தலையெடுத்தது சரியாக அந்த ஆண்டில். இடையில் கோர்ட்டின் அளவோ வலையின் உயரமோ மாறவில்லை, நிர்வாகம் மாறியது. செஸ்ஸும் அப்படியே. கேரமைப் போலவே ஒரு பலகையும் சில காய்களும்தான் அதன் முதலீடு. விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும் 1988இல்தான், கேரம் கூட்டமைப்பு பிறந்த அதே ஆண்டு. ஆனால் ஆனந்தின் பின்னால் 1970 முதல் உலகச் செஸ் கூட்டமைப்பு ஏற்றிருந்த எலோ தரப்புள்ளி இருந்தது. தொண்டையார்பேட்டையில் ஒரு சிறுவன் தரப்புள்ளி கணக்கிடும் ஒரு சிறு செஸ் போட்டியில் வென்றாலும் அந்த வெற்றி உலகளாவிய எண்ணாகப் பதிவாகும். கேரமுக்கு விதிப்புத்தகம் கிடைத்தது. ஆண்டு முழுவதும் நடந்து பரிசும் தரவரிசைப் புள்ளியும் தரும் டென்னிஸ் போன்ற உலகச் சுற்று கிடைக்கவில்லை.

அதன் விளைவு காலண்டரில் தெரிகிறது. ஐந்தாவது கேரம் உலகக் கோப்பை 2018இல் தென்கொரியாவில் நடந்தது, ஆறாவது 2024இல். இடையில் ஆறு ஆண்டுகள். கொரோனா அதில் ஒரு பங்கை விழுங்கியது, முழுவதையும் அல்ல. டென்னிஸில் 17 வயதுக்காரர் ஒரு திங்கட்கிழமை தோற்றால் அடுத்த வாரமே வேறொரு ஊரில் ஆடி இழந்ததை மீட்கலாம். 2018இல் தேர்வில் ஒரு போர்டால் தவறவிட்ட வடசென்னைப் பெண்ணுக்கு அடுத்த வாய்ப்பு வருவதற்குள் படிப்பு முடிந்து, வேலைக்குப் போக வேண்டிய அல்லது மணம் பேசப்படும் வயது வந்துவிடும். ஒருமுறை வழங்கும் கோடி ரூபாய் வென்றவரின் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறது, அது வேண்டியதே. ஆனால் எட்டாம் இடத்தில் இருப்பவரை அடுத்த ஆண்டும் போர்டில் உட்காரவைக்க அதனால் முடியாது. அவரை உட்காரவைக்கும் செலவு ஒன்றும் பெரிதல்ல: செரியன் நகர், காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர் என்று மாதம் ஒரு பேட்டையில் தரப்புள்ளியோடு ஒரு போட்டி, வென்ற பத்துப் பேருக்கும் ஒரு தொகை, அந்தப் புள்ளியை வேலை ஒதுக்கீட்டுக்கு ஏற்கும் ஓர் அரசாணை. போட்டி நடத்தத் தேவையான கூடமும் பலகையும் ஆட்களும் ஏற்கனவே அங்கே இருக்கின்றன.