ஈலி ஊர்க்காரரும் இலங்கைப் பீரங்கிகளும்

ஜொகூரின் தென்கிழக்குக் கரையிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர் தொலைவில், அலைகள் ஓயாமல் அறையும் பாறை பத்து பூத்தே. கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு அதன்மேல் நிற்கிறது ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம். 2008 மே 23 அன்று அனைத்துலக நீதிமன்றம் பாறையைச் சிங்கப்பூருக்குக் கொடுத்தது. பாறைக்கு ஜொகூர் உரிமை கோரவில்லை என்று 1953இல் ஜொகூர் அரசுச் செயலகம் எழுதிய கடிதமே மலேசியர்களான நமக்குப் பாதகமாக அமைந்தது. இன்றும் மனம் ஆறவில்லை.

விளக்குக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க், 1762இல் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையில் ஈலி என்ற சிற்றூரில் பிறந்தவர். 1786இல் அவர் பணியாற்றிய 'அட்லஸ்' கப்பல், பிழையான வரைபடத்தை நம்பிப் போய் டியேகோ கார்சியாவில் மோதி உடைந்தது. அதன்பின் கடல்வழிகளை அளந்து எழுதுவதே அவருடைய வாழ்க்கையாயிற்று. கிழக்குக் கடலில் ஓடிய மாலுமிகளுக்கு அவர் நூல்தான் வழிகாட்டி. 1836இல் அவர் மறைந்ததும் கான்டன் வணிகர்கள் நினைவு நிதி திரட்டினார்கள். புலாவ் ஊபின் கருங்கல்லில் எழுந்த விளக்கு 1851இல் ஏற்றப்பட்டது.

இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுக்கூட்டத்திலும் அவர் பெயர் தாங்கிய ஒரு ஹார்ஸ்பர்க் தீவு உண்டு. 1942இல் அங்கிருந்த இரண்டு 6 அங்குலப் பீரங்கிகளுக்குக் காவல், 1888இல் தொண்டர் படையாகத் தொடங்கிய இலங்கைப் பீரங்கிப் படை. பிப்ரவரியில் ஜப்பானியரிடம் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரலில் கொழும்பில் குண்டு விழுந்தது. வெள்ளை அதிகாரிகளின் நிறத் திமிரில் வெந்துகொண்டிருந்த வீரர்களுக்கு, பிரிட்டிஷ் ஆட்சியின் அந்திமக் காலம் வந்துவிட்டதாகவே தோன்றியது.

மே 8 இரவு, அவ்வீரர்களில் ஒருவரான கிரேஷன் பெர்னாண்டோ தலைமையில் கலகம் வெடித்தது. அதிகாரிகளைப் பிடித்துவைத்து, பீரங்கியை அதே தீவுக்கூட்டத்தின் டைரக்‌ஷன் தீவுப் பக்கம் திருப்பி, ஜப்பானியருக்குச் செய்தி அனுப்புவது திட்டம். நெருக்கடியான நேரத்தில் பெர்னாண்டோ கையிலிருந்த ப்ரென் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. ஒரு சிப்பாய் உயிரிழந்தார். விடிவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

ஜப்பானியர் விடுதலை தருவார்கள் என்ற பெர்னாண்டோவின் நம்பிக்கையை நம் தாத்தா பாட்டிகள் ஏற்கமாட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியரால் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் எத்தனை பேர் திரும்பவே இல்லை! ஆனால் அந்தச் சிப்பாய்களின் கோபம் நியாயமானது.

இராணுவ நீதிமன்றம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. நால்வருக்குப் பின்னர் குறைக்கப்பட்டது. பிரிட்டிஷாரிடம் மன்னிப்புக் கேட்க பெர்னாண்டோ கடைசிவரை மறுத்தார். அவரும், சக வீரர்களான கார்லோ கௌடரும், ஜி.பி. டி சில்வாவும் 1942 ஆகஸ்டில் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் அடுத்தடுத்துத் தூக்கிலிடப்பட்டனர். இரண்டாம் உலகப் போரில் கலகம் செய்ததற்காகத் தூக்குமேடை ஏறிய காமன்வெல்த் வீரர்கள் இந்த மூவர் மட்டுமே என்பார்கள்.