மாடு இழுத்த மோனோரயில்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் போக வேண்டுமா, பஸ்தான் ஏற வேண்டும். மலை ரயில் என்றால் நமக்கெல்லாம் உடனே ஊட்டிதான் ஞாபகம் வரும். ஆனால் மூணாறிலும் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. அதுவும் முதலில் மோனோரயில்! நம்ப முடிகிறதா?

கண்ணன் தேவன் மலைத் தேயிலையை வெளியே அனுப்புவது அந்தக் காலத்தில் பெரிய தலைவலி. கிழக்கே இறங்கினால் அன்றைய சென்னை மாகாணத்துப் போடிநாயக்கனூர். அதனால் 1902-ல் மூணாறிலிருந்து குண்டளாப் பள்ளத்தாக்கு வழியாக மலை விளிம்பு வரை சாலை போட்டு, கூடவே ஒற்றைத் தண்டவாளமும் பதித்தார்கள்.

தூண் மேல் வழுக்கிக்கொண்டு போகும் இன்றைய மோனோரயிலை நினைத்துவிடாதீர்கள். இது ஈவிங் முறை. சின்னச் சக்கரங்கள் தண்டவாளத்தில் உருளும். பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டு, வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும். பாரம் பெரும்பாலும் இரும்பின் மேலேயே விழுவதால் இழுப்பது சுலபம். இழுத்தது எஞ்சின் அல்ல, மாடுகள்!

பட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் 1927 வரை இருந்த மோனோரயிலும் இதே முறைதான். அதன் நீராவி எஞ்சின் ஒன்றை டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். மூணாறு வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தண்டவாளம் முடிந்த இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி சுமார் 5 கி.மீ. கீழே கொட்டகுடிக்கு இறங்கின. அந்த இடத்துக்குப் பெயர் என்ன தெரியுமா? பாட்டம் ஸ்டேஷன்! பிறகு 15 கி.மீ. மாட்டு வண்டியில் போடி. கடைசியில் கப்பலேறி இங்கிலாந்து.

வளரும் தோட்டங்கள் மாட்டின் நடைக்குக் காத்திருக்குமா? 1908-ல் ஒற்றைத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு இரண்டடி அகலப் பாதை போட்டார்கள். நீராவி எஞ்சின்கள் வந்தன. ஆறே வருடத்தில் மோனோரயில் கதை முடிந்தது.

புதிய ரயிலுக்கும் ஆயுசு கெட்டியில்லை. 1924 ஜூலையில் கேரளத்தையே மூழ்கடித்த மழை. மலையாள ஆண்டு 1099 என்பதால் '99-ம் வருட வெள்ளம்' என்பார்கள். பாதை அடித்துக்கொண்டு போனது. மறுபடி யாரும் கட்டவில்லை. ஊட்டி ரயிலில் மனிதர்கள் ஏறினார்கள், அதனால் அது பிழைத்தது எனலாம். இது தேயிலைக்காகவே போட்ட பாதை, கேட்க நாதியில்லை. மூணாறு சுற்றுலா ஊராகப் பெயர் வாங்கியதெல்லாம் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான்.

பழைய மூணாறு ஸ்டேஷன் கட்டடம் பின்னாளில் தேயிலைக் கம்பெனி அலுவலகமானது. டாப் ஸ்டேஷனுக்கு இப்போதும் கூட்டம் போகிறது, பள்ளத்தாக்கையும் 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியையும் பார்க்க.