மூச்சுக்குத் துணை

பசியைச் சில நாள் பொறுக்கலாம். தாகத்தைச் சில நாழிகை தாங்கலாம். மூச்சு முட்டுவதைச் சில கணமேனும் தாங்கவொண்ணாது. ஆதலின், கடும் நுரையீரல் நோயுற்றோரை மருத்துவமனையில் வைத்தே பேண வேண்டும் என்பது நெடுங்காலக் கொள்கையாக இருந்தது. அக்கொள்கை தளர்ந்து, நோயாளியின் இல்லமே மருத்துவக் களமாக மாறிய வரலாறு அறியத்தக்கது.

அவ்வரலாற்றின் அடிக்கற்களுள் ஒன்று சென்னையில் நாட்டப்பட்டது. 1956ஆம் ஆண்டு அங்கே காசநோய் மருந்தாய்வு நிலையம் நிறுவப்பட்டது. ஏழை நோயாளிகள் 193 பேர் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்றனர். மறு பிரிவினர் நெரிசல் மிகுந்த தத்தம் இல்லங்களிலேயே தங்கினர். இரு சாராருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள். 1959இல் வெளிவந்த முடிவு மருத்துவ உலகை வியக்கவைத்தது. இல்லத்தில் இருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்திருந்தனர். அவர்தம் குடும்பத்தார்க்கு நோய் கூடுதலாகப் பரவவுமில்லை. இவ்வெற்றியின் பின்னணியில் ஓர் உழைப்பு இருந்தது. நிலையத்து ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுதேடிச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர்.

காசநோய் தீரக்கூடியது. புகைப்பழக்கம் முதலியவற்றால் விளையும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ முற்றும் தீராதது. அந்நோயாளிகளுக்கு இல்லத்திலேயே நாள்தோறும் 15 மணி நேரமேனும் பிராணவாயு அளிக்கும் முறையின் பயனை 1981இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்று நிறுவியது. பிராணவாயு பெற்ற 42 பேரில் ஐந்தாண்டுகளில் 19 பேர் இறந்தனர். பெறாத 45 பேரில் 30 பேர் இறந்தனர்.

ஆயுள் நீண்டது, எனினும், இல்லத்திலிருக்கும் நோயாளிக்கு மூச்சுத் தளர்வதை மருத்துவர் எங்ஙனம் அறிவது? இதற்கு வழிகோலியவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவொயாகி. ஊசி குத்தாமலே, ஒளியைக் கொண்டு இரத்தத்தின் பிராணவாயுவை அளக்கும் முறையை அவர் 1974இல் வெளியிட்டார். அதன்வழி வந்த ஆக்சிமீட்டர் பின்னாளில் விரல்நுனியில் மாட்டுமளவு சிறுத்தது. அது காட்டும் எண் தொலைத்தொடர்பு வழியே தாதியரை எட்டவே, தொலைமருத்துவம் இல்லத்துள் நுழைந்தது.

2008ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கார்ன்வால், கென்ட், நியூஹாம் ஆகிய பகுதிகளில் நுரையீரல், இதயம், நீரிழிவு நோயாளிகள் 3,230 பேரிடம் பெருஞ்சோதனையொன்று தொடங்கியது. ஓராண்டில் வழக்கமான கவனிப்புப் பெற்றோருள் 8.3 விழுக்காட்டினரும், தொலைக்கண்காணிப்புப் பெற்றோருள் 4.6 விழுக்காட்டினரும் இறந்ததாக 2012இல் அறிவிக்கப்பட்டது. நம்பிக்கை பெருகிற்று. ஆனால், செலவுக்கேற்ற பயனோ வாழ்க்கைத்தர உயர்வோ காணப்படவில்லை என மறு ஆண்டே அதே சோதனையின் பிற ஆய்வுகள் உரைத்தன.

2013இல் வெளியான எடின்பரோ ஆய்வு இன்னும் ஆழமாகச் சென்றது. அடைப்பு நோயால் முன்னரே மருத்துவமனை கண்ட 256 பேருக்கும் ஒரே தரமான மருத்துவப் பராமரிப்பு வழங்கப்பட்டது. பாதிப் பேருக்கு மட்டும் கருவி கூடுதலாக அமைந்தது. மருத்துவமனையில் மீண்டும் சேரும்வரை கழிந்த நாள்களின் இடைநிலை அளவு கருவியுடையோர்க்கு 362, கருவியில்லாதோர்க்கு 361! முந்தைய சோதனைகளில் கண்ட நன்மை, கருவியோடு சேர்ந்து வந்த மேம்பட்ட பராமரிப்பால் விளைந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.

கருவி வேண்டாம் என்பதன்று இதன் பொருள். கோவிட் பெருந்தொற்றின்போது, 2021இல், சிங்கப்பூரில் தெமாசெக் அறநிறுவனம் இல்லந்தோறும் ஆக்சிமீட்டர் வழங்கியது. அதே ஆண்டு பல்லாயிரவர் வீட்டிலேயே இருந்து குணமடைந்தனர். தேவைப்பட்டோர் தொலைமருத்துவரை அழைக்கவும் ஏற்பாடு இருந்தது. எண் தாழ்ந்தபோது யாரை அழைப்பது என்பது அம்மக்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவ்வழைப்பை ஏற்பவர் இல்லையேல், விரலில் மாட்டிய கருவி நோயாளியின் அச்சத்தைப் பெருக்குமேயன்றி மூச்சைக் காக்காது. சென்னையில் மாத்திரை எண்ணச் சென்ற ஊழியர் ஆற்றிய பணியை இன்று கம்பியும் அலையும் பகிர்ந்துகொள்கின்றன. அப்பணிக்குரிய மனிதரை அவை விலக்கிவிடவில்லை.