பழங்கார் உட்புற வண்ணப் பொருத்தம்

பழைய காரைப் புதுப்பிக்கும்போது டேஷ்போர்டு, கதவின் உள்விளிம்பு, ஸ்டீயரிங் தண்டு போன்ற உட்புறப் பகுதிகளுக்குத் தொழிற்சாலை பூசிய அதே நிறத்தை மீட்கும் பணி. வெளிப்பூச்சின் குறியீடு இதற்கு உதவாது. 1965 ஃபோர்டு மஸ்டாங்கின் ஓட்டுநர் கதவிலுள்ள தகட்டில் உட்புறத்துக்கென்று தனிக் குறியீடு உண்டு: 22 நீலம், 26 கருப்பு. ஆனால் அது தொடக்கம் மட்டுமே. கண்ணில் படும் பூச்சு வெயிலில் வெளுத்திருக்கும். கதவு அட்டைக்குப் பின்னால், வெளிச்சம் படாத இடத்தைத் துடைத்து அங்கே நிறத்தை அளப்பதே நம்பத்தக்கது. கலந்த பூச்சை மாதிரித் தகட்டில் அடித்து, பகலொளியிலும் விளக்கொளியிலும் ஒப்பிட வேண்டும். நிறமிகள் வேறானால் ஓர் ஒளியில் ஒத்தவை மற்றொன்றில் பிரிந்து தெரியும். பலரும் தவறவிடுவது பளபளப்பு. முன்கண்ணாடியில் எதிரொளிக்காதிருக்கப் பல கார்களில் டேஷ்போர்டின் மேற்பகுதிக்கு மங்கலான பூச்சே இடப்பட்டது. அங்கே மினுமினுப்பு கூடினால், நிறம் சரியாக இருந்தும் வேறாகவே தோன்றும்.