மேன்மைப்படுத்தலும் பெண்ணின் கண்ணியமும்: உளப்பகுப்பாய்வின் தொடக்கக் காலம்

மேன்மைப்படுத்தல் என்பது பாலுந்துதலின் ஆற்றல் தன் நேர் இலக்கை விட்டுக் கலை, ஆய்வு, பொதுத்தொண்டு போன்ற மதிப்புமிக்க செயல்களில் இறங்குவதாகக் கூறும் உளப்பகுப்பாய்வுக் கருத்து. இதை 1905-இல் விளக்கிய சிக்மண்ட் பிராய்ட், இத்திறன் பெண்களுக்குச் சிறிதளவே உண்டு என்று 1908-இல் எழுதினார். 1930-இலும் 1933-இலும் அதையே வலியுறுத்தினார். நெசவு பெண்களின் கண்டுபிடிப்பாக இருக்கலாம் என்று ஒப்பியபோதும், பெண்ணுக்கு இருப்பதாக அவர் கருதிய உடற்குறையை மறைக்கும் நாணமே அதன் ஊற்று என்றார்.

பெண்களுக்கு இத்திறன் குறைவு என்ற கூற்றுக்கான மறுப்பு, உளப்பகுப்பாய்வின் முதல் நோயாளி எனக் கருதப்படுபவரின் வாழ்விலேயே இருந்தது. 1880 முதல் 1882 வரை வியன்னாவில் மருத்துவர் ஜோசப் புரூயரிடம் சிகிச்சை பெற்ற பெர்த்தா பாப்பன்ஹைம், 1895-இல் வெளிவந்த ஹிஸ்டீரியா ஆய்வு நூலில் ‘அன்னா ஓ.’ என்ற புனைபெயரில் இடம்பெற்றார். பேசிப் பேசி நோய் தணியும் முறைக்குப் பெயர் வைத்தவரும் அவரே. பின்னாளில் அவர் பெண்ணுரிமை நூலொன்றை ஜெர்மனில் மொழிபெயர்த்தார்; 1904-இல் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார்; 1907-இல் ஜெர்மனியின் நோய்-இசன்பர்க் என்ற ஊரில் ஆதரவற்ற பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இல்லம் திறந்தார். அவர் பிராய்டின் மனைவி மார்த்தாவுக்குத் தோழி. இருந்தும் இல்லம் திறந்த மறு ஆண்டே, 1908-இல், பெண்களைப் பற்றிய அந்தத் தீர்ப்பைப் பிராய்ட் எழுதினார். ஒருத்தியின் வாழ்வு பொதுவிதியை முறிக்காது எனலாம். ஆனால் பாலியல் குறித்துச் சிந்திக்கவே பெண்களுக்கு இடப்பட்ட தடைதான் அவர்களின் அறிவை முடக்குகிறது என்று அதே 1908 கட்டுரையில் பிராய்டே காரணம் காட்டுகிறார். காரணம் வளர்ப்பு என்றால், குறையை இயல்பின்மேல் ஏற்ற முடியாது. பெண்ணைப் பற்றிய பிராய்டின் கோட்பாடு ஆணின் பார்வையிலிருந்து கட்டப்பட்டது என்பதை 1926-இல் உளப்பகுப்பாய்வாளர் காரன் ஹார்னி எடுத்துக்காட்டினார்.

தொண்டாற்றியதால்தான் பெர்த்தாவுக்குக் கண்ணியம் எனக் கொண்டால், பெண் தன் மதிப்பை உழைத்து நிரூபிக்க வேண்டியவள் ஆகிறாள். அந்த அளவுகோலே பிழையானது. பிராய்ட் கண்ட குடும்ப அமைப்பும் எங்கும் ஒன்றல்ல. இலங்கையின் கிழக்கே கல்முனை, அக்கரைப்பற்றுக் கரையோர முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் குடி எனும் குலம் தாய்வழியே வருகிறது. திருமணத்தில் வீடு மகளுக்குச் சேர்கிறது. மாப்பிள்ளை பெண்வீட்டில் குடியேறுகிறார். இம்முறையை மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே விரிவாகப் பதிவு செய்துள்ளார். அதே கரையோரத்து மருதமுனையில் நெசவு வெட்கத்தை மறைக்கும் திரையன்று, குடும்பங்களைத் தாங்கிய தொழில். வீட்டுரிமை பொதுவெளியில் குரலைத் தந்துவிடாது. சீதன வீடு கட்டும் சுமையும் பெற்றோரை அழுத்துகிறது. ஆயினும் வியன்னாக் குடும்பத்தை மனித இயல்பாகக் கொண்டது தவறு என்பதற்கு இக்கரையோரமே போதிய சான்று.

இலங்கையின் கதிர்காமத்துப் பெண் துறவியரும் தம் துயரைச் சமய நிலையாக மாற்றிக்கொண்டதை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1981-இல் ஆராய்ந்தார். பெண்களுக்கு மேன்மைப்படுத்தும் திறன் குறைவு என்ற பிராய்டின் கூற்றை இன்றைய உளப்பகுப்பாய்வாளர் பலர் ஏற்பதில்லை.